உங்களுக்குத் தெரியுமா? சட்டத்தில் இருக்கிறது சிறுதானியம்!

2013-இன் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் அரிசி கிலோ 3 ரூபாய், கோதுமை 2 ரூபாய் என்று விலை வைத்தபோது, சிறுதானியங்களையும் சேர்த்துக்கொண்டு, அவற்றுக்கு 1 ரூபாய் என்று நிர்ணயித்தது. சிறுதானியத்துக்கு அதில் இடம் வேண்டும் என்று விடாமல் வாதாடியவர்களில் ஒருவர் வேளாண் விஞ்ஞானி எம்.எஸ். சுவாமிநாதன். அவருடைய ஆராய்ச்சி நிறுவனம் கொல்லிமலையில் பல ஆண்டுகள் வேலை செய்திருக்கிறது.

கொல்லிமலையில் 'நாடு' என்பது ஊர்களின் தொகுதி. பைல் நாடு உள்ளிட்ட அந்த நாடுகளில் ஒருகாலத்தில் சாமை, தினை, கேழ்வரகுதான் அன்றாடச் சோறும் களியுமாக இருந்தன. ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போகும் மரவள்ளி கையில் காசு தந்தது. ரேஷன் அரிசி அடுப்பை எரியவைத்தது. சாமை விளைந்த நிலம் சுருங்கியது. இன்னொரு காரணம் அதிகம் பேசப்படுவதில்லை: சாமையின் உமி லேசில் விடாது. உரலில் குத்தி, முறத்தில் புடைத்து, மறுபடி குத்த வேண்டும். அத்தனையும் பெண்கள் தலையில்தான். சுவாமிநாதனின் நிறுவனம் அங்குள்ள ஊர்களில் உமி நீக்கும் இயந்திரங்களை வைத்தது அதனால்தான்.

சட்டம் வந்து பத்தாண்டு கழித்து, 2023-இல் தமிழக அரசு நீலகிரி, தருமபுரி ரேஷன் கடைகளில் 2 கிலோ அரிசிக்குப் பதில் 2 கிலோ கேழ்வரகு கொடுக்கத் தொடங்கியது. அந்த முதல் பட்டியலில் கொல்லிமலை இருக்கும் நாமக்கல் மாவட்டம் இல்லை. இருந்திருக்க வேண்டும்.