எதிர்வாதத்தையும் சேர்த்து அச்சிட்ட புத்தகம்

மும்பையின் சயானில் ஸ்லோ லோக்கல் ஏறினால் அடுத்தது மாட்டுங்கா, அதற்கடுத்தது தாதர். தாதரில் கிழக்குப் பக்கம் இறங்கி இந்து காலனிக்குள் நடந்தால் ராஜகிருகம் வரும். தமது புத்தகங்களை வைக்க இடம் வேண்டும் என்று 1930களின் தொடக்கத்தில் அம்பேத்கர் கட்டிய வீடு. அவர் மறைந்த நாளான டிசம்பர் 6 அன்று நினைவிடமான சைத்திய பூமிக்கு வரும் கூட்டத்தில் பலர் இந்த வீட்டையும் பார்த்துவிட்டுத்தான் ஊர் திரும்புகிறார்கள். தலைவர், சட்டமேதை என்று அவரைக் கொண்டாடாத தமிழர் குடியிருப்பு தாராவியில் இருக்காது. ஆனால் ஒரு வாதத்தை எப்படிக் கட்டுவது, எப்படி எழுதினால் அது தெளிவாக நிற்கும் என்பதை அவரிடம் கற்றுக்கொள்ளலாம் என்று பேசுவோர் குறைவு. கட்டாயம் பேச வேண்டிய விஷயம் அது.

1916 மே மாதம், நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகம். மானுடவியல் கருத்தரங்கு ஒன்றில் இந்தியாவின் சாதிகளைப் பற்றி ஒரு கட்டுரை வாசிக்கப்படுகிறது. வாசித்த மாணவருக்கு வயது 25. சாதி நல்லதா கெட்டதா என்று அம்பேத்கர் தொடங்கவில்லை. சாதி என்றால் என்ன என்று கேட்டார். அதுவரை அறிஞர்கள் தந்திருந்த விளக்கங்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துச் சோதித்தார்.

பிரெஞ்சு அறிஞர் செனார்ட், தீட்டு என்ற எண்ணமே சாதியின் அடையாளம் என்றார். அம்பேத்கரின் பதில்: தீட்டு என்பது சடங்கும் பூசாரியும் உள்ள எந்தச் சமூகத்திலும் காணக்கூடியது, சாதிக்கு மட்டும் உரியதன்று. அடுத்தவர் நெஸ்ஃபீல்ட். வெளியாரோடு சேர்ந்து உண்ணாமையை அவர் முன்வைத்தார். தனக்குள் மூடிக்கொண்ட கூட்டம் வெளியாரோடு உண்ணாமல் இருப்பது இயல்புதானே, விளைவைக் காரணமாக நினைத்துவிட்டீர்கள் என்றார் அம்பேத்கர். மராத்திய அறிஞர் கேட்கர் இரண்டு அடையாளங்கள் சொன்னார்: வெளியே மணக்கத் தடை, பிறப்பால் மட்டுமே உறுப்பினராதல். இவை இரண்டல்ல, முதலாவது இருந்தால் இரண்டாவது தானே வந்துவிடும் என்று காட்டினார் அம்பேத்கர். எல்லாவற்றையும் கழித்த பிறகு எஞ்சியது ஒன்றுதான். அகமணம், அதாவது தன் கூட்டத்துக்குள்ளேயே மணப்பது.

இந்த முறை தமிழருக்குப் புதிதல்ல. 18ஆம் நூற்றாண்டில் சிவஞான முனிவர், அன்னம்பட்டரின் தருக்க சங்கிரகத்தைத் தமிழில் தந்தார். ஓர் இலக்கணம் மூன்று வகையில் பழுதுபடும் என்கிறது அந்தத் தருக்க மரபு. பசு என்பது கொம்புள்ளது என்றால் எருமையும் உள்ளே வந்துவிடும்; அது அதிவியாப்தி. கபில நிறமுள்ளது என்றால் வெள்ளைப் பசு வெளியே நின்றுவிடும், அது அவ்வியாப்தி. பிளவுபடாத ஒற்றைக் குளம்புள்ளது என்றால் எந்தப் பசுவுக்கும் பொருந்தாது, அசம்பவம். செனார்ட்டின் தீட்டு அதிவியாப்தியில் மாட்டிக்கொள்கிறது. நியூயார்க்கில் அம்பேத்கர் செய்ததை, முனிவரின் திருவாவடுதுறை மடத்தில் படித்த ஒருவர் உடனே அடையாளம் கண்டிருப்பார்.

அதற்குப் பிறகு வருவதுதான் அந்தக் கட்டுரையின் உச்சம். ஒரு கூட்டத்தில் ஆணும் பெண்ணும் ஏறக்குறைய சம எண்ணிக்கையில் இருக்கிறார்கள், வெளியே மணக்கக் கூடாது என்ற விதியும் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கணவன் இறந்தால் ஒரு பெண் மிகுந்து போகிறாள். அவள் வெளியே மணந்தால் விதி உடைகிறது. உள்ளேயே மறுமணம் செய்தால் இன்னொரு பெண்ணுக்கு மாப்பிள்ளை இல்லாமல் போகிறது. ஆகவே அந்தக் கூட்டத்துக்கு இரண்டு வழிகள் தென்படுகின்றன: கணவனின் சிதையில் அவளையும் ஏற்றுவது, அல்லது வாழ்நாள் முழுவதும் கைம்மையில் வைப்பது. மனைவி இறந்தால் மிகுந்து போகிறவன் ஆண். ஆதிக்கம் அவன் கையில் இருப்பதால் அவனை எரிக்க மாட்டார்கள். துறவியாக்கலாம், ஆனால் எல்லோரும் துறவியானால் கூட்டம் மெலிந்துவிடும். அப்போது எஞ்சுவது, இன்னும் பருவம் எய்தாத சிறுமியரிலிருந்து அவனுக்குப் பெண் எடுப்பது. உடன்கட்டை, கட்டாயக் கைம்மை, குழந்தை மணம் ஆகிய மூன்றும் ஒரே விதியைக் காப்பாற்ற எழுந்தவை என்று இப்படித்தான் அவர் நிறுவினார்.

வேறு வேறு கொடுமைகளாகத் தெரிந்தவை ஒரே வேரில் சேர்வதைப் பார்க்கும்போது வாசகருக்கு உடல் சிலிர்க்கிறது. அந்தச் சிலிர்ப்பை உண்டாக்க அவர் ஓர் உரத்த சொல்லைக்கூடப் பயன்படுத்தவில்லை. இதை ஏற்காதவர் எந்தப் படியில் கை வைக்க வேண்டும் என்பதும் தெளிவாகத் தெரிகிறது. எண்ணிக்கை சமமாக இருந்தது என்பதை மறுக்கலாம், வேறு வழிகளும் இருந்தன என்று காட்டலாம். எங்கே தாக்கலாம் என்பதை எதிராளிக்கு மறைக்காமல் எழுதுவதுதான் தெளிவு. சாதி மற்ற கூட்டங்களுக்கு எப்படிப் பரவியது என்று சொல்லும் பின்பகுதியில், மேலே உள்ளவரைப் பார்த்துக் கீழே உள்ளவர் செய்தார் என்ற கொள்கையை அவர் நம்புகிறார். அங்கே வாதச் சங்கிலி கொஞ்சம் தளர்கிறது என்பது என் கருத்து. தமது கொள்கை நிற்காது என்று யாராவது காட்டினால் கைவிடத் தயார் என்று அவரே முடிவில் சொல்லியும் வைத்தார்.

இருபது ஆண்டுகள் கழித்து, 1936இல் நடத்தவிருந்த தன் மாநாட்டுக்குத் தலைமை தாங்க, சாதியை ஒழிக்க விரும்பிய லாகூர் அமைப்பான ஜாத் பாத் தோடக் மண்டல் அவரை அழைத்தது. அனுப்பிய உரையைப் படித்த மண்டலத்தார் திடுக்கிட்டார்கள். வேத சாஸ்திரங்களைத் தாக்கும் பகுதிகளை நீக்கச் சொன்னார்கள். ஒரு காற்புள்ளியைக்கூட மாற்ற முடியாது என்று அவர் எழுதிவிட்டார். மாநாடு நடக்கவில்லை. உரையைத் தாமே ‘சாதி ஒழிப்பு’ (Annihilation of Caste) என்ற நூலாக அச்சிட்டார். 1,500 பிரதிகள் இரண்டு மாதத்தில் தீர்ந்தன.

அந்த உரையில் ஒரு திருப்பத்தைப் பார்க்கலாம். சாதி என்பது வேலைப் பிரிவினைதான், நாகரிகத்துக்கு அது வேண்டாமா என்பது அன்று பரவலாகச் சொல்லப்பட்ட சமாதானம். வேலைப் பிரிவினை வேண்டும் என்று முதலில் ஒப்புக்கொண்டார். பிறகு கேட்டார்: பிரிக்கப்படுவது வேலையா, வேலை செய்யும் மனிதர்களா? எந்த நாகரிக நாட்டில் உழைப்பாளிகளை மேல் கீழ் என்று அடுக்கி, ஒரு தட்டிலிருந்து இன்னொன்றுக்குப் போக முடியாமல் அடைத்து வைத்திருக்கிறார்கள்? திறமையைப் பார்க்காமல் பெற்றோரின் நிலையைப் பார்த்து வேலையை ஒதுக்குகிறார்கள்? திருநெல்வேலியிலிருந்து வந்து தாராவியின் தோல் பதனிடும் கிடங்குகளில் தலைமுறையாக உழைத்த குடும்பங்களுக்கு இந்தக் கேள்வியை யாரும் விளக்க வேண்டியதில்லை.

1936 ஜூலையில் காந்தி தமது ஹரிஜன் இதழில் இரண்டு வாரங்களில் பதில் எழுதினார். எட்டணா விலை அதிகம், இரண்டணாவுக்கோ நாலணாவுக்கோ தரலாம் என்று யோசனை சொன்னதோடு, எந்தச் சீர்திருத்தவாதியும் இந்தப் புத்தகத்தை ஒதுக்கிவிட முடியாது என்றும் சொன்னார். பிறகு தம் மறுப்பை வைத்தார். சாதிக்கும் மதத்துக்கும் தொடர்பில்லை. ஒரு மதத்தை அதன் மோசமான மனிதரைக் கொண்டு எடை போடக் கூடாது, சிறந்தவரைக் கொண்டு எடை போட வேண்டும். அந்தச் சிறந்தவர்கள் பட்டியலில் துக்காராமும் விவேகானந்தரும் இருந்தார்கள், நம் திருவள்ளுவரும் இருந்தார்.

1937இல் வந்த இரண்டாம் பதிப்பில் அம்பேத்கர் காந்தியின் கட்டுரைகளை அப்படியே பின்னிணைப்பாக அச்சிட்டார். மண்டலத்தோடு நடந்த கடிதப் போக்குவரத்தும் நூலின் முன்னால் இருந்தது. தமது பதிலைத் தொடங்கும்போதே, தாம் நிறுவ முயன்றவை இவை என்று வரிசையாக எழுதிவைத்தார். காந்தி எதற்குப் பதில் சொன்னார், எதை விட்டுவிட்டார் என்று வாசகர் தாமே சரிபார்த்துக்கொள்ளலாம். சைவ சித்தாந்தம் படித்தவர்களுக்கு இந்த ஒழுங்கு பழக்கமானது. அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் பிற சமயங்களின் கொள்கைகளைச் சொல்லி மறுக்கும் பரபக்கத்தை முதலில் வைத்து, அதன் பிறகே தம் கொள்கையைச் சொல்லும் சுபக்கத்துக்கு வருகிறார். பரபக்கத்தில் எதிர்க்கொள்கையைச் சொல்கிறவர் அதை மறுப்பவரேதான். அம்பேத்கர் எதிராளியையே பேச விட்டார்.

சிறந்தவரைக் கொண்டு மதத்தை எடை போட வேண்டும் என்பதை அவர் மறுக்கவில்லை. சரி, ஒப்புக்கொள்கிறேன் என்றார். அப்படியானால் சிறந்தவர்கள் ஏன் இவ்வளவு குறைவு, மோசமானவர்கள் ஏன் இவ்வளவு அதிகம்? இரண்டு விடைகளே இருக்க முடியும். அந்தப் பெரும்பான்மை பிறவியிலேயே திருந்த முடியாதவர்கள். அல்லது அவர்கள் முன் வைக்கப்பட்ட இலட்சியமே தவறானது. முதல் விடையை ஏற்கத் தாம் தயாரில்லை, காந்தியும் அதை வலியுறுத்த மாட்டார் என்றார். இரண்டாவது மட்டுமே எஞ்சுகிறது. அடியார்களைப் பற்றியும் அதே உறுதியோடு பேசினார். அவர்கள் கடவுளின் முன் மனிதர் சமம் என்றார்கள், மனிதருக்கு மனிதர் சமம் என்பதற்காகப் போராடவில்லை என்பது அவர் வாதம். வள்ளுவரை அந்த வரிசையில் வைக்கலாமா என்று தமிழ் வாசகர் கேட்கலாம். கேட்க வேண்டும். எங்கே கேட்பது என்பதற்கு இடம் விட்டுத்தான் அவர் எழுதியிருக்கிறார்.

அந்த இரண்டாம் பதிப்பின் முன்னுரை, நூல் குஜராத்தியிலும் தமிழிலும் ஏற்கெனவே வந்துவிட்டதைக் குறிப்பிடுகிறது. பெரியாரின் குடி அரசு அதைத் தமிழில் தொடராக வெளியிட்டிருந்தது. மராத்தி மொழிபெயர்ப்பு அப்போதுதான் நடந்துகொண்டிருந்தது. 1944இல் மூன்றாம் பதிப்பு வந்தது. 1916ஆம் ஆண்டுக் கட்டுரையை உள்ளே சேர்த்து முழுவதையும் திருத்தி எழுதும் எண்ணம் அம்பேத்கருக்கு இருந்தது. நேரம் கிடைக்கவில்லை, வாசகர்கள் கேட்டுக்கொண்டே இருந்ததால் இரண்டாம் பதிப்பையே மறுபடி அச்சுக்குக் கொடுத்தார்.