தெளித்த மருந்து இலையில் தங்க வேண்டாமா?

வெங்காயத்திற்கும் முட்டைக்கோசுக்கும் மருந்து தெளிக்கும்போது ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். தெளித்த நீர் முத்து முத்தாகத் திரண்டு, இலையை நனைக்காமலேயே உருண்டு மண்ணில் விழுந்துவிடும். பிறகு ‘மருந்து கேட்கவில்லை’ என்று மறுபடியும் தெளிக்கிறோம். மருந்துச் செலவும் ஆள் கூலியும் இரட்டிப்பாகின்றன. பல நேரங்களில் குறை மருந்தில் இல்லை. அதைக் கலந்த தண்ணீரின் இயல்பில் இருக்கிறது.

பரப்பு இழுவிசை

நீரின் மேற்பரப்பு இழுத்துக் கட்டிய தோல் போன்றது. அது எப்போதும் சுருங்கவே முயலும். இதற்குப் பரப்பு இழுவிசை என்று பெயர். 25 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் தூய நீருக்கு இது சென்டிமீட்டருக்குச் சுமார் 72 டைன் ஆகும். நெல், வெங்காயம், முட்டைக்கோசு ஆகியவற்றின் இலைகளில் மெழுகுப் படலம் உண்டு. மெழுகில் நீர் ஒட்டாது. ஆகவே துளி உருண்டையாகவே நிற்கிறது.

வீட்டில் ஒரு சோதனை

ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றி, மேலே மிளகுத் தூளை மெல்லத் தூவுங்கள். ஈர்க்குச்சியின் நுனியில் சோப்பைத் தடவி நீரின் நடுவில் தொடுங்கள். தூள் நொடியில் ஓரத்திற்கு ஓடிவிடும். காரணம் என்ன? சோப்பு பட்ட இடத்தில் இழுவிசை தளர்ந்தது, சுற்றிலும் தளரவில்லை. கயிறு இழுக்கும் போட்டியில் பிடி தளர்ந்தவர் பக்கமிருந்து வலுத்தவர் பக்கம் கயிறு போவதைப்போல, நீரும் இழுவிசை மிகுந்த பக்கம் ஓடுகிறது. இத்தாலிய அறிஞர் கார்லோ மரங்கோனி 1865-ல் இதைப் பற்றி எழுதினார். ‘மரங்கோனி ஓட்டம்’ என்று அவர் பெயராலேயே இது வழங்குகிறது.

இலையில் காணும் வளையம்

நனையும் தூள் மருந்துகளைத் தெளித்த இலையில், துளி காய்ந்த இடத்தில் வெள்ளை வளையம் தெரியும். துளியின் ஓரம் விரைவாக உலர்வதால், நடுவிலுள்ள நீர் ஓரத்திற்கு ஓடி மருந்துத் துகள்களையும் கொண்டு சேர்க்கிறது. ஓரத்தில் மருந்து மிகுந்து, நடுவில் குறைந்துவிடுகிறது.

ஒட்டும் திரவம் கலந்தால் இழுவிசை பாதிக்கும் கீழே குறையும். துளி தட்டையாகப் பரவும். மேலும், உலரும் ஓரத்தில் ஒட்டும் திரவம் சேர்வதால் அங்கே இழுவிசை தளர்ந்து, மேற்பரப்பு நீர் நடுப்பக்கம் திரும்பி ஓடும். துகள்களில் ஒரு பகுதி அதனுடன் திரும்பும். வளையம் ஓரளவு குறையும்.

செய்ய வேண்டியவை

1. மருந்துப் புட்டியின் குறிப்பைப் படியுங்கள். ஒட்டும் பொருள் முன்பே சேர்ந்த மருந்துகளும் உண்டு. அவற்றில் மேலும் கலப்பது தேவையா என்று கேட்டறியுங்கள்.

2. பொதுவாக லிட்டருக்கு அரை மி.லி. ஒட்டும் திரவம் போதும். 10 லிட்டர் தெளிப்பானுக்கு 5 மி.லி. ஆகும். கடைசியில் ஊற்றி, நுரை எழாமல் கலக்குங்கள்.

3. மருந்து சேர்க்காத நீரில் ஒட்டும் திரவத்தைக் கலந்து, இலையில் ஒரு துளி வையுங்கள். முத்தாக நின்றால் போதவில்லை, பரவி நின்றால் சரி, வழிந்தோடினால் அதிகம்.

4. அளவுக்கு மேல் ஊற்றினால் இழுவிசை மேலும் குறைவதில்லை. மருந்து வழிவதும் இலை கருகுவதுமே மிச்சம்.

5. உச்சி வெயிலில் தெளிக்காதீர்கள். துளி பரவும் முன்பே காய்ந்துவிடும்.

அடுத்த முறை ‘மருந்து கேட்கவில்லை’ என்று அளவைக் கூட்டுவதற்கு முன், இலையில் ஒரு துளியை வைத்துப் பாருங்கள்.