கொழுந்து மலையிலே சிறுத்தை

தென்னாபிரிக்காவில், குரூகர் தேசியப் பூங்காவை ஒட்டி, சாபி சாண்ட் என்னும் தனியார் வனம் ஒன்று உண்டு. சிறுத்தையைக் கண்ணாரக் காண்பதற்கென்றே செல்வந்தர்கள் அங்கு செல்கின்றனர். திறந்த ஜீப் வண்டி. முன்னிருந்து தடம் பார்த்துச் சொல்லும் சங்கான் இனத்தவர். திரும்பி வந்தால் விருந்து. பூங்காவுக்கும் அவ்வனத்துக்கும் இடையே நின்ற வேலி 1993இல் அகற்றப்பட்டது. விலங்குக்கு எல்லையில்லை, விருந்தினருக்குத்தான் கட்டணம்.

நம் மலையகத்திலோ கட்டணமும் இல்லை, ஜீப்பும் இல்லை. அட்டன், மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கங்களில் விடியற்பனியில் கொழுந்து பறிக்கச் செல்லும் தாய்மார், தேயிலைச் செடிகளுக்கிடையே சிறுத்தையை எதிர்ப்படுவதுண்டு. காயமுற்றோரும் உளர். லயத்து நாய் இரவோடிரவாகக் காணாமற்போனால் காரணம் கேட்பார் இல்லை.

இம்மலைகளில் வேட்டையே ஒருகாலத்தில் துரைமாரின் பொழுதுபோக்கு. ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டவரெனப் பெயர்பெற்ற மேஜர் ரொஜர்ஸ், 1845இல் ஹப்புத்தளையில் மின்னல் தாக்கி மாண்டார். அவர் கல்லறை நுவரெலியாவில் இருக்கிறது. (யானைகளின் சாபம் என்று சொல்வோர் சொல்லட்டும்.) சாமுவேல் பேக்கர் வேட்டைநாய்களை ஏவி மரை வேட்டையாடியதை 1853இல் நூலாகவே வெளியிட்டார். காடு கோப்பியாயிற்று, கோப்பி தேயிலையாயிற்று. ஹோட்டன் சமவெளி 1969இல் சரணாலயமாகவும் 1988இல் தேசியப் பூங்காவாகவும் ஆனபோது, யானை அங்கிருந்து மறைந்து நெடுங்காலமாகியிருந்தது.

சிறுத்தை மட்டும் போகவில்லை. மலைமுகட்டில் எஞ்சிய காட்டுத் துண்டும், ஓடைக்கரைப் புதரும், அடர்ந்த தேயிலையும் அதற்குப் போதுமாயின. ஆனால் அந்த வழிகளிலேதான் சுருக்குக் கம்பியும் கிடக்கிறது. வைப்பவன் எண்ணுவது பன்றியை. மரக்கறித் தோட்டத்தைக் காக்கவோ, இறைச்சிக்காகவோ வைக்கிறான். கம்பிக்கு இன்ன விலங்கு என்ற பேதம் தெரியாது. 2020 மே மாதத்தில் நல்லதண்ணிப் பக்கத்தில் அரிய கருஞ்சிறுத்தை ஒன்று அப்படிச் சிக்கியது. உடவளவைக்குக் கொண்டுபோய்ச் சிகிச்சை அளித்தும் சில நாட்களில் இறந்தது. அது உயிருடன் உலவிய காலத்தில் அறியாத ஊர்களெல்லாம் அதன் படத்தைப் பார்த்து வருந்தின.

எந்த ஓடையோரம் அது நீர் குடிக்கும், எந்தப் பாறையில் வெயில் காயும் என்பதைக் கொழுந்து பறிப்பவர் அறிவர். நாளை இம்மலையில் சிறுத்தை காட்டும் விடுதிகள் பெருகுமானால், ஜீப்பின் முன்னிருக்கை அவர்களுக்குக் கிடைக்குமா, அல்லது வழக்கம்போல் விருந்தினருக்குத் தேநீர் கொணரும் வேலைதானா?