பழைய எக்செல் கோப்பில் நிறம் மாறுவது ஏன்?

எக்செல் 2003-இல் உருவாக்கிய ஒரு தாளை இன்னொரு கோப்புக்குள் நகர்த்துகிறோம். எண்கள் சரி, சூத்திரங்கள் சரி. வெளிர்பச்சையாக இருந்த தலைப்பு வரிசை மட்டும் ஊதாவாகிவிடுகிறது. வைரஸ் புகுந்துவிட்டதோ என்று பதற வேண்டாம். கோப்பில் எதுவும் சிதையவில்லை.

பழைய எக்ஸ்எல்எஸ் கோப்பில், கட்டத்துக்குள் நிறம் பதிவாவதே இல்லை. பதிவாவது ஓர் எண்தான். ஒவ்வொரு கோப்பும் 56 நிறங்கள் கொண்ட தனி அட்டவணை ஒன்றை வைத்திருக்கும். அதில் எத்தனையாவது நிறம் என்பதையே அந்த எண் சொல்கிறது. பெயிண்ட் கடை ஷேட் கார்டின் எண்ணை மட்டும் குறித்துக்கொண்டு வேறு கம்பெனியின் கார்டில் தேடினால் வேறு நிறம் கிடைக்குமல்லவா, அதேதான் இங்கும். ஒரு கோப்பின் அட்டவணையை யாராவது மாற்றியிருந்தால், அங்கே வரும் தாள் அந்த நிறங்களையே பூசிக்கொள்ளும்.

முழு நிறத்தை எழுத சிவப்பு, பச்சை, நீலத்துக்குத் தலா 8 என்று 24 பிட் தேவை. அட்டவணை எண்ணுக்கு 7 பிட் போதும். நினைவகம் அரிதாக இருந்த காலத்தில் இது கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு என்றே சொல்வேன். அட்டவணையில் ஒரு நீலத்தைத் திருத்தினால் ஆயிரம் கட்டங்கள் ஒரே நொடியில் மாறும்!

மாறிய நிறத்தை மீட்க, எக்செல் 2003-இன் டூல்ஸ் மெனுவில் ஆப்ஷன்ஸ், அதில் கலர் பக்கம் போனால், திறந்திருக்கும் வேறொரு கோப்பின் அட்டவணையை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். வந்த தாள் பழைய நிறத்துக்குத் திரும்பும். ஆனால் அங்கே முன்பே இருந்த தாள்களின் நிறம் மாறிவிடும் என்பதால் பார்த்துச் செய்ய வேண்டும்.

2007 பதிப்பு 1.6 கோடிக்கும் மேற்பட்ட நிறங்களைத் திறந்துவிட்டது. அதில் செய்த கோப்பைப் பழைய வடிவில் சேமித்தால் அத்தனையும் 56-க்குள் அடங்கியாக வேண்டும். பாக்கிக்கு ஒரு வெளிர்மஞ்சள், வசூலானதற்கு இன்னொரு வெளிர்மஞ்சள் என்று வைத்திருந்தால் இரண்டும் ஒன்றாகிவிடக்கூடும். நிறம் பெயர்வதைவிட இதுவே எனக்குப் பெரிய கவலை. பெயர்ந்ததை மீட்கலாம், கலந்ததைப் பிரிக்க முடியாது. நிறத்தோடு பக்கத்துப் பத்தியில் ஒரு சொல்லையும் எழுதி வைத்தால் கணக்கு குழம்பாது.

புதிய எக்செலிலும் எண் முறை முழுக்கப் போய்விடவில்லை. தீம் நிறங்கள் அதே வழியில்தான் இயங்குகின்றன. கோப்பின் தீம் மாறினால் அவையும் மாறும். மாறவே கூடாத நிறத்தை ‘மோர் கலர்ஸ்’ வழியே தேர்ந்தெடுத்தால், அந்த நிறமே கோப்பில் பதிவாகிவிடும்.