பட்டையும் கோடும்

எண்களைப் படமாக எழுதிக் காட்டும் முறை இக்காலத்து ஏறக்குறைய எல்லாக் கலைகளிலும் புகுந்துவிட்டது. பொருளாதார மாணவர் விலைகளைப் பட்டைகளால் காட்டுவர். பௌதிக மாணவர் உஷ்ணத்தைக் கோட்டினால் காட்டுவர். பூகோள நூலாரோ ஓர் ஊரின் மாத மழையைப் பட்டைகளாகவும் அதன் வெப்பநிலையைக் கோடாகவும் ஒரே படத்தில் அமைத்துவிடுவர். இவ்வாறு இருவேறு வகைப் படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக இணைத்தல் எங்ஙனம் இயலும் என்பதையும், அதனால் விளையும் நன்மை தீமைகளையும் ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

இவ்வழக்கம் புதிதன்று. ஸ்காத்லாந்து தேசத்தவரான வில்லியம் பிளேஃபேர் (1759-1823) என்பார் இளமையில் ஜேம்ஸ் வாட்டிடம் படம் வரைவோராக ஊழியம் செய்தவர். வர்த்தகக் கணக்குகளைக் கோடுகளாலும் பட்டைகளாலும் விளக்கும் ஓர் அட்லாஸை 1786-ல் வெளியிட்டார். வட்டத்தைக் கூறு கூறாகப் பிரித்துக் காட்டும் படமும் 1801-ல் அவர் கையினின்றே வெளிப்பட்டது. முதுமையில், 1821-ல், இங்கிலாந்தின் வேளாண்மைத் துயரைக் குறித்து அவர் எழுதிய நிருபத்தில் ஓர் அரிய படம் காணப்படுகிறது. 1565 முதல் 1821 வரை ஒரு குவார்ட்டர், அதாவது எட்டுப் புஷல், கோதுமையின் விலையை ஐயாண்டுக்கு ஒரு பட்டையாக நிறுத்தினார். தேர்ந்த தொழிலாளி ஒருவனின் வாரக் கூலியைக் கோடாக அப்பட்டைகளின்மேல் ஓட்டி, கோட்டின்கீழ் மெல்லிய வண்ணம் தீட்டினார். உச்சியில் எலிஸபெத் அரசி முதலாக ஆண்ட மன்னர்களின் காலங்களைக் கிடையாகக் குறித்தார். மூவகைப் படங்கள், ஒரே கால அச்சு!

இப்படத்தை இன்று கணினியில் மீண்டும் வரைவது எளிது. ஜான் ஹண்டர் என்பார் 2003-ல் வெளியிட்ட மேட்பிளாட்லிப் என்னும் நூலகம் இதற்குப் போதும். நூலகம் என்றால் இங்கே புத்தகசாலையன்று. பிறர் எழுதி வைத்த கணினிக் கட்டளைகளின் தொகுதியே. இத்தகைய நூலகத்தை முதன்முறை கையாளுவோர், ஆயத்தப் படங்களின் பட்டியலிலிருந்து ஒன்றைப் பொறுக்குவதே வேலை என்று எண்ணுவதுண்டு. உண்மை அதுவன்று. அச்சுகள் பூட்டிய ஒரு வெற்றுக் களத்தை முதலில் விரித்து, அதன்மேல் ‘பார்’ என்னும் கட்டளையால் பட்டைகளையும், ‘பிளாட்’ என்னும் கட்டளையால் கோட்டையும், அடுத்தடுத்து இடுகிறோம். பின்னது முன்னதை அழிப்பதில்லை. பட்டை கீழும் கோடு மேலுமாக விழும்படி நூலகமே பார்த்துக்கொள்ளும். ஒன்று மட்டும் கவனிக்கத் தக்கது: பட்டையின் அகலத்தை நாம் சொல்லாவிடில் கணினி 0.8 என்று கொள்ளும். அச்சு ஆண்டுகளால் அமைந்ததாதலின், ஐயாண்டுக்கு ஒன்றாக நிற்கும் பட்டைகள் வேலிக்குச்சிகள்போல மெலிந்து தோன்றும். அகலம் 5 என்று குறித்தால், பிளேஃபேரின் படத்திற்போல அவை தோளோடு தோள் நெருங்கி நிற்கும்.

இனி, அப்படம் சொல்வது யாது? தம் காலத்தில் கோதுமை, கூலியை நோக்க, முன் எக்காலத்தினும் மலிவாயிற்று என்பதே பிளேஃபேரின் கட்சி. படத்தைக் காண்போர் கண்ணுக்கோ இதற்கு நேர்மாறாகத் தோன்றுகிறது. 1565-ல் ஏறக்குறைய 41 ஷில்லிங்காயிருந்த பட்டை 1810-ல் ஏறக்குறைய 99-க்கு ஓங்கி நிற்கிறது. 5 ஷில்லிங்கில் தொடங்கிய கூலிக் கோடோ 30-ஐயே எட்டுகிறது. உயர்ந்தது விலையே, கூலி தரையில் தவழ்கிறது என்றே எவரும் கூறுவர். ஆனால் வகுத்துப் பாருங்கள். விலை பெருகியது இரண்டரை மடங்கிற்குச் சற்றுக் குறைவு; கூலி பெருகியதோ ஆறு மடங்கு. கண் அளப்பது வேற்றுமையை. பிளேஃபேர் கூற விரும்பியதோ விகிதத்தை. இரண்டும் ஷில்லிங் ஆதலால் ஒரே அளவுகோலில் வைத்தது நேர்மையான செயலே. எனினும் அவருடைய வழக்கிற்கு அவர் படமே எதிர்ச்சாட்சியாயிற்று.

இவ்விடத்தில்தான் ஒரு சோதனை நேர்கிறது. மேட்பிளாட்லிப்பில் ‘ட்வின்எக்ஸ்’ என்றொரு கட்டளை உண்டு. அது அதே களத்தின் வலப்புறத்தில் இரண்டாம் அளவுகோலை நிறுத்தும். மழையும் வெப்பமும்போல அலகுகள் வேறானால் இஃது இன்றியமையாததே. ஆனால் வலப்புற அளவுகோலை 0 முதல் 30 வரை அமைத்தால், கூலிக் கோடு பட்டைகளின் தலைக்குமேல் எழும். 0 முதல் 300 வரை அமைத்தால் பாயாய்த் தரையிற் படியும். எண்ணொன்றும் மாறவில்லை, முடிவு மாத்திரம் வரைவோன் விரும்பியபடி வளைகிறது. கோடும் பட்டையும் சந்திக்கும் புள்ளியைக் காட்டி, ‘இவ்வாண்டில் கூலி விலையைத் தாண்டிற்று’ என்று உரைப்பாரும் உளர். இரண்டு அளவுகோல்களில் அமைந்தவை சந்திப்பதற்குப் பொருளே இல்லை. இடப்புறச் சுழியும் வலப்புறச் சுழியும் ஒரே மட்டத்தில் நில்லாவிடில் மயக்கம் இன்னும் மிகும். இரு களங்களின் குறிவிளக்கங்களும் தனித்தனியே நிற்பவை. ஒன்றாகத் திரட்டி எழுதாவிடில் எக்கோடு எவ்வளவுகோலுக்குரியது என்பதே விளங்காது.

விகிதத்தைச் சொல்ல வேண்டின் விகிதத்தையே வரைதல் நேரான வழி. அளவுகோலை மடக்கை முறையில் அமைப்பதும் ஒரு வழியாயினும், மடக்கையில் சுழி இல்லாமையால் பட்டைகள் ஊன்றி நிற்பதற்கு அடித்தளம் இராது. ஆகவே, களத்தை மேலும் கீழுமாக இரண்டாகப் பிரித்து, கால அச்சை மட்டும் இரண்டிற்கும் பொதுவாக்குதலே நன்று; ‘ஷேர்எக்ஸ்’ என்னும் சொல்லால் அது கைகூடும். மேற்களத்தில் பிளேஃபேரின் படம் அவர் வரைந்தவாறே இருக்க, கீழ்க்களத்தில் விலையைக் கூலியால் வகுத்து, ஒரு குவார்ட்டர் கோதுமைக்கு எத்தனை வார உழைப்பு என்று ஒரே கோடு இடுவோம். 1565-ல் எட்டு வாரத்திற்குச் சற்று மிகுதி. 1810-ல், விலை உச்சத்தில் நின்ற அக்காலத்திற்கூட, மூன்று வாரமும் சில நாளுமே. மேலே மலைபோல் எழும் பட்டைகளுக்கு நேர்கீழே இக்கோடு இறங்கி வருதலைக் காணும்போது பிளேஃபேரின் கட்சி முதன்முறையாகக் கண்ணுக்குப் புலனாகிறது.

அக்கோடும் 1821 வரை செல்வதில்லை. பிளேஃபேரின் படத்தில் கோதுமைப் பட்டைகள் இறுதிவரை நிற்க, கூலிக் கோடோ 1810-ஐ ஒட்டி நின்றுவிடுகிறது. விலை ஏறக்குறைய 54 ஷில்லிங்காக வீழ்ந்த, அவர் பேசிய அந்தக் கடைசி ஆண்டுகளுக்கே கூலிக்கணக்கு படத்தில் இல்லை. கணினிக்கு அவ்விடங்களை ‘எண் இல்லை’ என்று கொடுத்தால் கோட்டை வலிந்து நீட்டாமல் வெறுமையாகவே விட்டுவிடும். அவ்வெறுமையை அப்படியே அச்சிடுக.