சாலை மனிதர்கள் – 12: பெடல் ரப்பர் சொல்லும் ஜாதகம்

டெல்லியில் லால் பகதூர் சாஸ்திரியின் நினைவு இல்லத்தில் ஒரு பழைய ஃபியட் கார் நிற்கிறது. 1964-இல் பிரதமரான பிறகு அவர் வாங்கியது. பிரதமர் வீட்டில் சொந்தமாக ஒரு கார் கூட இல்லையா என்று வீட்டார் கேட்டுக்கொண்டே இருந்ததால் விலை விசாரித்தார். 12,000 ரூபாய். வங்கியில் அவரிடம் இருந்தது 7,000. மீதி 5,000 ரூபாய்க்குப் பஞ்சாப் நேஷனல் வங்கியில் கடன் வாங்கினார். கடன் அடைவதற்குள், 1966 ஜனவரியில், தாஷ்கண்டில் இறந்துபோனார். பாக்கியை அவருடைய மனைவி லலிதா சாஸ்திரி தன் ஓய்வூதியத்திலிருந்து கட்டி முடித்தார்.

அதே ஃபியட்டைத்தான் அந்தக் காலத்தில் மில் முதலாளியும் வாங்கினார், டாக்டரும் வாங்கினார், பம்பாய் டாக்சிக்காரரும் வாங்கினார். கம்பெனி ஒன்று, மாடல் ஒன்று, விலையும் ஒன்று. சாஸ்திரி எப்பேர்ப்பட்ட மனிதர் என்பதை நமக்குச் சொல்வது அவர் போட்ட கடன் விண்ணப்பம்.

வண்டியைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடலாம் என்று நம்புகிறவர்கள் அதிகம். நானும் நம்புகிறேன். ஆனால் அவர்கள் பார்க்கும் இடம் வேறு, நான் பார்க்கச் சொல்லும் இடம் வேறு. அவர்கள் முன்புறம் ஒட்டியிருக்கும் கம்பெனி முத்திரையைப் பார்க்கிறார்கள். அந்த முத்திரை மனிதரைப் பற்றிச் சொல்வது மிகக் கொஞ்சம்.

முத்திரையில் குணம் இருக்கிறது என்ற எண்ணத்தை உண்டாக்கியவர்கள் கார் விற்கிறவர்கள்தான். 1920-களில் ஜெனரல் மோட்டார்ஸின் தலைவர் ஆல்ஃபிரட் ஸ்லோன் தன் கார்களை ஏணிப்படிபோல அடுக்கினார். அடியில் செவ்ரோலெட், உச்சியில் கேடிலாக், நடுவில் பான்டியாக், ஓல்ட்ஸ்மொபைல், ப்யூக். சம்பளம் ஏற ஏற மனிதன் படி ஏற வேண்டும். தெருவில் இருப்பவர்கள் அதைப் பார்க்க வேண்டும். அடுத்து, வியன்னாவிலிருந்து 1938-இல் அமெரிக்காவுக்குப் போன எர்னஸ்ட் டிக்டர் என்ற உளவியலாளர் வந்தார். பிளிமத் காருக்காக ஆய்வு செய்த அவர், மேற்கூரை திறக்கும் காரை ஆண்கள் காதலியைப் பார்ப்பதுபோலப் பார்க்கிறார்கள், மூடிய காரை மனைவியாகக் கருதி வாங்குகிறார்கள் என்றார். ஷோரூம் கண்ணாடிக்குப் பின்னால் திறந்த காரை நிறுத்துங்கள், உள்ளே வருகிறவன் மூடிய காரை வாங்கிப் போவான் என்பது அவர் தந்த யோசனை. பெண்களைப் பற்றி இதைவிட மட்டமாகப் பேச முடியாது. ஆனாலும் விளம்பர உலகம் அந்தப் பேச்சைத் தலையில் தூக்கிவைத்துக்கொண்டது.

முத்திரையில் குணம் இருக்கிறதா என்று சோதித்துப் பார்த்தவர் ஃபிராங்க்ளின் எவன்ஸ் என்ற ஆய்வாளர். சிகாகோ அருகே பார்க் ஃபாரஸ்ட் என்ற புறநகரில் ஃபோர்டு வைத்திருப்பவர்களையும் செவ்ரோலெட் வைத்திருப்பவர்களையும் கூப்பிட்டு ஆளுமைத் தேர்வு வைத்தார். ஃபோர்டுக்காரர் முரட்டு ஆள், செவ்ரோலெட்காரர் அடக்கமானவர் என்றெல்லாம் அன்றைக்கு ஊரில் பேச்சு. 1959-இல் வெளியான அவருடைய ஆய்வு அந்தப் பேச்சைக் கலைத்தது. குணத்தை வைத்து இவர் எந்தக் கார் வைத்திருப்பார் என்று கணிப்பது, காசைச் சுண்டிப் போட்டுச் சொல்வதைவிடச் சற்றே மேலாக இருந்தது, அவ்வளவுதான். இந்தத் துறையில் நான் படித்தவற்றுள் எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு இது. கோடிக்கணக்கில் விளம்பரம் செய்து வளர்த்த ஒரு நம்பிக்கையை, ஒருவர் பொறுமையாக ஆள் சேர்த்துச் சோதித்திருக்கிறார்.

ஆடம்பரக் கார்கள் கொஞ்சம் வேறுவிதம். ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யான்-எரிக் லோன்க்விஸ்டும் உடன் ஆய்வாளர்களும் ஃபின்லாந்தில் 1,892 கார் உரிமையாளர்களை ஆராய்ந்து 2020-இல் முடிவை வெளியிட்டார்கள். விட்டுக்கொடுக்காத, எதற்கும் வாதாடுகிற, பிறர் மனத்தை எண்ணிப் பார்க்காத ஆண்களிடம் ஆடி, பிஎம்டபிள்யூ, மெர்சிடிஸ் கார்கள் கூடுதலாக இருந்தன. ஆனால் ஒழுங்கும் கடமையுணர்வும் மிக்கவர்களிடமும் அதே கார்கள்தான் கூடுதலாக இருந்தன. எதிரே வரும் பென்ஸில் இருப்பவர் அடாவடிக்காரரா, நாற்பது வருடம் ஒழுங்காக உழைத்தவரா என்பதைப் பென்ஸை வைத்துச் சொல்ல முடியாது.

அம்பாசிடர், ஃபியட், ஸ்டாண்டர்டு ஆகிய மூன்று கார்கள் நம் சாலைகளை ஆண்ட காலம் ஒன்று இருந்தது. தேர்ந்தெடுக்க எதுவும் இல்லாத அந்தக் காலத்தில் மாடலை வைத்துக் குணத்தைக் காட்ட வழியே இல்லை. ஆகவே மனிதர்கள் தங்களை வேறு இடங்களில் காட்டினார்கள். ஒருவர் சீட்டுக்கு வெள்ளை உறை தைத்துப் போட்டு வாரம் தவறாமல் துவைப்பார். இன்னொருவர் மழையில் நனைந்த வண்டியைத் துடைக்காமல் படுக்கப் போக மாட்டார். தி.நகரில் எம்.ஜி.ஆர். நினைவு இல்லத்தில் நிற்கும் அவருடைய காரும் அம்பாசிடர்தான். அதைப் பார்க்க வருகிறவர்கள் அம்பாசிடரைப் பார்க்க வரவில்லை. அதன் நம்பர் பிளேட்டில் இருக்கும் 4777-ஐப் பார்க்க வருகிறார்கள். ஒரே அச்சில் வார்த்த ஆயிரக்கணக்கான கார்களில் இது அவருடையது என்று சொல்ல அந்த நான்கு இலக்கம் போதுமாக இருந்தது. இன்று கூட்டுத்தொகை 9 வர வேண்டும் என்று ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் காத்திருக்கிறவர்களையும், பேன்சி நம்பருக்குக் காரின் விலையில் ஒரு பங்கைக் கட்டுகிறவர்களையும் பார்க்கும்போது அந்தப் பழக்கம் விடவில்லை என்று தெரிகிறது.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. அதன்பின், 1990-களின் கடைசியில், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சான்ட்ரோவும் மறைமலை நகரிலிருந்து ஃபோர்டு ஐகானும் வந்தன. தேர்ந்தெடுக்கும் காலம் பிறந்துவிட்டது. ஆனால் தேர்ந்தெடுப்பது யார்? நம் ஊரில் கார் வாங்கும் பேச்சைக் கேட்டுப் பாருங்கள். லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கும்? அப்பாவுக்கு முட்டி வலி, ஏறி இறங்க முடியுமா? ஊருக்குப் போனால் அரிசி மூட்டை பின்னால் ஏறுமா? வெள்ளை வாங்கினால் வெயிலுக்கும் நல்லது, விற்கும்போதும் விலை போகும். எந்தக் கேள்வியிலும் வாங்குகிறவரின் தனிப்பட்ட ஆசை கிடையாது. மொத்தக் குடும்பமும் சேர்ந்து எடுத்த முடிவுக்கு ஒருவர் கையெழுத்துப் போடுகிறார். வீட்டு வாசலில் நிற்கும் இன்னோவா, அந்த வீட்டில் எத்தனை பேர் என்று சொல்லும். ஓட்டுகிறவருக்கு உள்ளூரச் சின்னச் சிவப்புக் கார்மீது ஆசை இருந்தது என்பதைச் சொல்லாது.

வீட்டார் கணக்கோடு ஊரார் கண்ணும் சேர்ந்துகொள்ளும். டாடாவின் நானோ கார் வீழ்ந்தது அந்தக் கண்ணால்தான். ஸ்கூட்டரில் நான்கு பேர் நெருக்கிக்கொண்டு போவதைப் பார்த்து, இவர்களுக்கு ஒரு பாதுகாப்பான வண்டி வேண்டும் என்று ரத்தன் டாடா நினைத்தார். 2008 ஜனவரியில் டெல்லியில் அதைக் காட்டியபோது உலகமே வியந்தது. ஒரு லட்சம் ரூபாய்க் கார். 2018-இல் உற்பத்தி நின்றது. குஜராத்தின் சாணந்துக்குத் தொழிற்சாலையை மாற்றியதில் ஏற்பட்ட தாமதம், சில வண்டிகள் தீப்பிடித்தது என்று காரணங்கள் பல உண்டு. ஆனால் உலகிலேயே மலிவான கார் என்ற பெயர் ஒட்டிக்கொண்டதே பெரிய கேடு என்று டாடாவே பின்னாளில் சொன்னார். குழந்தையை மழையில் நனையவிடாமல் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோக ஆசைப்பட்ட ஒரு தகப்பன், உறவினர் கல்யாணத்துக்கு அதில் போய் இறங்கக் கூசினார். அந்தக் கூச்சத்தை உண்டாக்கிய நம்மீதுதான் எனக்கு வருத்தம்.

இதைவிடக் கொடிய இடம் ஒன்று உண்டு. பல ஊர்களில் மாப்பிள்ளை ஓட்டும் கார் அவர் வாங்கியதே கிடையாது. பெண் வீட்டார் சீராகக் கொடுத்தது. எந்த மாடல், என்ன நிறம் என்பதுவரை நிச்சயத்துக்கு முன்பே பேசி முடித்துவிடுகிறார்கள். கேரளத்தில் கொல்லம் மாவட்டத்தைச் சேர்ந்த ஓர் ஆயுர்வேத மருத்துவ மாணவி 2021 ஜூனில் கணவன் வீட்டில் இறந்துபோனார். பெண் வீட்டார் கொடுத்த கார் பிடிக்கவில்லை என்று அவர் கொடுமைப்படுத்தப்பட்டதை நாடே படித்தது. கணவன் அப்போது மோட்டார் வாகனத் துறையிலேயே உதவி ஆய்வாளராக இருந்தவர். 2022 மே மாதம் கொல்லம் நீதிமன்றம் அவருக்குப் பத்தாண்டுச் சிறைத் தண்டனை விதித்தது. அப்படிப்பட்ட வீட்டு வாசலில் நிற்கும் கார் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும், அது சொல்வது கேட்டு வாங்கியவர்களின் குணத்தைத்தான்.

முத்திரையை விட்டுவிட்டு வண்டியின் மேல் ஒட்டியிருப்பவற்றுக்கு வருவோம். கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் வில்லியம் ஸ்லெம்கோவும் அவரோடு இருந்தவர்களும் காரில் ஒட்டும் ஸ்டிக்கர்களைப் பற்றி ஆராய்ந்து 2008-இல் எழுதினார்கள். ஸ்டிக்கர் அதிகமாக அதிகமாகச் சாலையில் கோபமும் அதிகமாக இருந்தது. இதில் முக்கியமானது, ஸ்டிக்கரில் என்ன எழுதியிருக்கிறது என்பது ஒரு பொருட்டாகவே இல்லை. அன்பே கடவுள் என்றிருந்தாலும், ஒதுங்கிப் போ என்றிருந்தாலும் ஒன்றுதான். இது என் இடம் என்று அடையாளம் வைக்கிறவர், அந்த இடத்துக்குள் யாராவது வந்தால் பொறுக்க மாட்டார் என்பது அவர்கள் தந்த விளக்கம்.

அது அமெரிக்கா. நம் டேஷ்போர்டில் இருக்கும் பிள்ளையாரையும், வேளாங்கண்ணி மாதாவையும், கண்ணாடியில் இருக்கும் 786-ஐயும் இந்தக் கணக்கில் நான் சேர்க்க மாட்டேன். அவை ஓட்டுகிறவர் உள்ளே பார்த்துக்கொள்வதற்காக இருப்பவை. நல்லபடியாக வீடு திரும்ப வேண்டும் என்ற வேண்டுதல். பின்கண்ணாடியில் எழுதிய பிள்ளைகளின் பெயர்களும் பாசம்தான். ஆனால் வெளியே பார்த்து ஒட்டுகிறவை வேறு. கட்சிக் கொடி, சாதித் தலைவர் படம், காவல், வழக்கறிஞர், பத்திரிகை என்ற எழுத்துகள் எல்லாம் எதிரில் இருப்பவரிடம் என்னைத் தொடாதே என்று சொல்கின்றன. சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை 2024 மே 2 முதல் நம்பர் பிளேட்டில் இப்படி ஒட்டுவதற்கு அபராதம் போடத் தொடங்கியது. கண்ணாடியில் கறுப்பு ஃபிலிம் ஒட்டக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2012-இல். முன்னால் இரும்புக் கம்பித் தடுப்பு வைக்கக்கூடாது என்று மத்திய அரசு சொன்னது 2017 டிசம்பரில். அந்தக் கம்பி மோதினால் நடந்து போகிறவரின் கால் எலும்பு என்னாகும் என்று தெரிந்தும் அதைத் திரும்பப் பொருத்திக்கொள்கிறவரைப் பற்றி, காரின் விலையைக் கேட்காமலே எனக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு.

இனி உள்ளே. ஆளைப் பற்றிய நிஜமான செய்தி அங்கேதான் கிடக்கிறது, அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் பழைய வண்டி பார்க்கும் மெக்கானிக்குகள். பழைய கார் விற்கும் கன்சல்டிங்கில் கார் வாங்கப் போகிறவர்கள் நம்பிக்கையான ஒரு மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு போவது வழக்கம். ‘சிங்கிள் ஓனர், டாக்டர் வண்டி’ என்று புரோக்கர் ஆரம்பிப்பார். டாக்டர் வண்டி என்றால் விலை கொஞ்சம் கூடும். டாக்டர் நிதானமானவர், வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் மட்டும் ஓட்டியிருப்பார் என்று ஒரு நம்பிக்கை. மெக்கானிக் அதைக் காதில் வாங்க மாட்டார். கதவைத் திறந்து குனிந்து முதலில் பெடல்களைப் பார்ப்பார்.

எனக்குத் தெரிந்த ஒரு மெக்கானிக் இதைச் சொல்லிக்கொடுத்தார். “மீட்டரத் திருப்பிடலாம் சார். பெடல் ரப்பர யாரும் மாத்த மாட்டாங்க. முப்பதாயிரம் கிலோமீட்டர்னு மீட்டர் சொல்லும், ரப்பர் வழுவழுன்னு தேஞ்சிருக்கும். அப்ப யார நம்புவீங்க?” கிளட்ச் பெடலில் எப்போதும் கால் வைத்தபடி ஓட்டுகிறவரின் கிளட்ச் பிளேட் சீக்கிரம் தேய்ந்துவிடும். எந்த நிமிஷமும் முந்திப் போகத் தயாராக இருக்கிறவர்களுக்கு அந்தப் பழக்கம் அதிகம் என்பது அவர் அனுபவம். தேய்ந்த பிரேக் பேடை மாற்றாமல் ஓட்டியவரைப் பிரேக் டிஸ்க்கில் விழுந்த வரிகள் காட்டிக்கொடுக்கும். டயரின் ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால், அலைன்மென்ட் பார்க்காமல் நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போட்டவர். கால்மிதியைத் தூக்கினால் ஈரமும் துருவும் இருக்கிறதா, டிங்கரிங் பார்த்துப் பட்டி போட்ட இடத்தைச் சொல்லாமல் மறைத்தாரா, இன்ஜின் ஆயிலைக் கடைசியாக எப்போது மாற்றினார் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார். அரை மணி நேரத்தில், முகம் பார்த்திராத ஒருவரின் பொறுமை, சோம்பல், நேர்மை எல்லாம் அவர் கைக்கு வந்துவிடும். மாருதியில் பார்ப்பதும் இதைத்தான், மெர்சிடிஸில் பார்ப்பதும் இதைத்தான்.

நிற்கும் வண்டி இவ்வளவு சொன்னால், ஓடும் வண்டி இன்னும் சொல்லும். கலிஃபோர்னியாவில் பால் பிஃப் என்பவரும் உடன் ஆய்வாளர்களும் 2012-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், சாலையைக் கடக்க ஒருவரை நிற்கவைத்து எந்தக் கார்கள் நின்று வழிவிடுகின்றன என்று எண்ணினார்கள். விலையுயர்ந்த கார்கள் நிற்காமல் போனது அதிகம். ஆய்வாளர்கள் கார்களை வகைவகையாகப் பிரித்துக் கணக்கெடுக்க வேண்டியிருந்தது. நீங்கள் ஒரே ஒருவரைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டுமானால் அவ்வளவு சிரமம் தேவையில்லை. அந்த மெக்கானிக் பழைய கார் வாங்குகிறவர்களுக்குச் சொல்லும் யோசனையையே உங்களுக்கும் சொல்கிறேன். டெஸ்ட் டிரைவ் போகும்போது சாவியை உடனே வாங்கிவிடாதீர்கள். முதல் இரண்டு கிலோமீட்டர் உரிமையாளரையே ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் உட்காருங்கள். பள்ளிக்கூடம் விடும் நேரமாக இருந்தால் நல்லது. பிள்ளைகள் சாலையைக் கடக்கும் இடத்தில் அவர் கால் முதலில் எந்தப் பெடலுக்குப் போகிறது, கை ஹாரனுக்குப் போகிறதா என்று பார்த்துவிட்டு, அதன் பிறகு விலை பேசுங்கள்.