மாணவர் போட்டிக்கு முதல் ரோபோ

இரண்டு மோட்டார்கள், இரண்டு சக்கரங்கள், ஒரு மின்கலம்: இவற்றைச் சட்டத்தில் பொருத்தி, முன்னே செல்லுமாறு கட்டளையிட்டதும், யந்திரம் முன்னே செல்லாமல் நின்ற இடத்திலேயே பம்பரம் போலச் சுழல்கிறது. ரோபோ கட்டத் தொடங்கும் மாணவர்களிற் பலர் முதல் நாளிலேயே காணும் காட்சி இது. யந்திரத்தில் பழுது ஏதும் இல்லை. இரு மோட்டார்களும் ஒன்றுக்கொன்று முதுகு காட்டிப் பொருத்தப்பட்டிருக்கின்றன. ஆகவே இரண்டும் ஒரே திசையிற் சுழலும்போது ஒரு சக்கரம் முன்னோக்கியும் மற்றது பின்னோக்கியும் உருளுகிறது. ஒரு மோட்டாரின் திசையை மாற்றுமாறு நிரலில் ஒரு வரி சேர்த்தால் போதும். இச்சிறு குறையைத் தாமே கண்டறிந்து நீக்கும் மாணவர்கள், அன்றைக்கே பாதி யந்திர நூல் கற்றவராகின்றனர் என்பது என் எண்ணம்.

அமெரிக்க நாட்டிலே டீன் கேமன் என்னும் புனைவாளர் 1989-ஆம் ஆண்டில் தோற்றுவித்த 'ஃபர்ஸ்ட்' என்னும் அமைப்பு, 1992-இல் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்துப் பள்ளி ஒன்றின் உடற்பயிற்சிக் கூடத்தில் 28 குழுக்களைக் கொண்டு தன் முதற் போட்டியை நடத்திற்று. 'ஃபர்ஸ்ட் டெக் சாலஞ்ச்' என்னும் போட்டி அதன் இளைய கிளையாகும். 2005-இல் சோதனை முறையில் தொடங்கியது. ஏழாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையுள்ள மாணவர்களுக்கு உரியது. நம் நாட்டுப் பள்ளிக் குழுக்களும் இதிற் கலந்துகொள்கின்றன.

போட்டியின் இலக்கணம் எளியது. பன்னிரண்டடிச் சதுரக் களத்தில் இருவர்க்கிருவர் என நான்கு ரோபோக்கள் ஆடும். தொடக்கத்தில் ஒவ்வொரு ரோபோவும் நீள, அகல, உயரங்களில் 18 அங்குலத்துக்குள் அடங்கி நிற்கவேண்டும். முதல் 30 விநாடிகள் ஒருவரும் கை வைக்கலாகாது. ரோபோ தன் நிரலின்படி தானே இயங்கவேண்டும். அடுத்த இரண்டு நிமிடம் மாணவர்கள் கைக்கருவியால் அதனை ஓட்டுவார்கள். ஆண்டுதோறும் செப்டம்பர் மாதத்தில் புதிய ஆட்டம் அறிவிக்கப்படும். 2023-24 பருவத்தில் அறுகோணப் பிளாஸ்டிக் வில்லைகளைப் பலகையில் அடுக்கவேண்டியிருந்தது. 2024-25-இல் பிளாஸ்டிக் கட்டைகளை எடுத்துக் கூடையில் இடவேண்டியிருந்தது.

உதிரிப் பாகங்களை விற்போர் பருவந்தோறும் 'தொடக்க ரோபோ' ஒன்றன் வரைபடத்தை விலையின்றி வெளியிடுகின்றனர். இதனைப் பார்த்துக் கட்டுவது காப்பியடிப்பதாகுமே என்று தயங்கும் ஆசிரியர்கள் உளர். அத்தயக்கம் வேண்டியதில்லை. வீணை கற்பவர் முதல் நாளிலேயே இராகம் புனைவதில்லை. நான்கு வாரம் கற்பனையில் கழித்து, நகராத அற்புத யந்திரத்தோடு களத்துக்கு வருவதைக் காட்டிலும், முதல் வாரத்திலேயே நகரும் எளிய யந்திரம் ஒன்றை உடைமையாக்கிக்கொள்வது நன்று. ஏனைய வாரங்கள் அதனைத் திருத்துவதற்கு மிஞ்சுமல்லவா?

இனி, அடிச்சட்டத்தைக் கவனிப்போம். நான்கு புறமும் சாதாரண ரப்பர்ச் சக்கரங்களை மாட்டினால் ரோபோ நேரே நன்றாக ஓடும். ஆனால் திரும்பும்போது சக்கரங்கள் பக்கவாட்டில் உராய்ந்து முரண்டு பிடிக்கும். ஆகவே மோட்டார் பூட்டிய இரு ரப்பர்ச் சக்கரங்களைப் பின்னே வைத்து, முன்னே இரு ஆம்னி சக்கரங்களை வைப்பர். ஆம்னி சக்கரத்தின் விளிம்பிலுள்ள சிற்றுருளைகள் பக்கவாட்டு நகர்ச்சிக்கு இடங்கொடுக்கும். எடையின் பெரும்பகுதி பின் சக்கரங்களின்மேல் அமையவேண்டும். மின்கலத்தை முன்னே வைத்துவிட்டால், பிடிமானம் இன்றிப் பின் சக்கரங்கள் வழுக்கும்.

இத்தகைய தொகுப்புகளில் வரும் மோட்டார் ஒன்று சுமையின்றி நிமிடத்துக்கு 6000 சுற்றுகள் சுழலும். அதனை 20 மடங்கு குறைத்தால் சக்கரம் நிமிடத்துக்கு 300 சுற்று, அதாவது விநாடிக்கு 5 சுற்று சுழலும். 90 மில்லிமீட்டர் விட்டமுள்ள சக்கரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 283 மில்லிமீட்டர். எனவே வேகம் விநாடிக்கு 1.4 மீட்டர். பன்னிரண்டடிக் களத்துக்கு இது தாராளம்.

மோட்டாரின் பின்புறத்தில் உள்ள என்கோடர் அதன் ஒரு சுற்றுக்கு 28 துடிப்புகளை எண்ணுகிறது. 20 மடங்குக் குறைப்பில் சக்கரத்தின் ஒரு சுற்றுக்கு 560 துடிப்புகள் ஆகின்றன. ஒரு துடிப்பு அரை மில்லிமீட்டர் நகர்ச்சியைக் குறிக்கும். கணக்கு அழகாகத்தான் இருக்கிறது. ஆயினும் ஒரு மீட்டர் செல்லக் கட்டளையிட்டால் ரோபோ ஐந்தாறு சென்டிமீட்டர் அதிகமாகவே செல்லக்கூடும். ஏன்? பற்சக்கரப் பெட்டியின்மேல் 4 என்றும் 5 என்றும் பொறித்திருப்பவை வழங்குபெயர்களே. அவ்வகைப் பெட்டிகளுள் ஒன்றில் உண்மையான குறைப்பு முறையே 3.62, 5.23 மடங்குகளாம், பெருக்கினால் 20 அன்று, 18.9 தான். எனவே ஒரு சுற்றுக்கு உரியவை 560 துடிப்புகள் அல்ல, 530 துடிப்புகள். பெயரை நம்பாமல், தரையில் அளவுநாடாவை விரித்துப் பத்துமுறை ஓட்டி, சராசரியைக் குறிப்பேட்டில் எழுதி, அவ்வெண்ணையே நிரலில் இடுக.

என்கோடரை விடுத்து, இரண்டு விநாடி முன்னே செல்க என்று காலத்தால் கட்டளையிடுவது எளிதாகத் தோன்றும். ஆனால் புதிதாக மின்னேற்றிய 12 வோல்ட் மின்கலம் 13 வோல்ட்டுக்கு மேலும் காட்டும். நான்கு ஆட்டத்துக்குப்பின் அது தாழ்ந்துவிடும். காலையில் இலக்கை அடைந்த ரோபோ மாலையில் பாதி வழியில் நிற்பதற்கு இதுவே காரணம்.

திருப்பத்துக்கு ஓர் எளிய ஏற்பாடு உண்டு. இரு சக்கரங்களுக்கும் இடையே உள்ள தொலைவைச் சக்கர விட்டத்தைப்போல் நான்கு மடங்காக, அதாவது 360 மில்லிமீட்டராக அமைத்துவிட்டால், ஒரு சக்கரம் முன்னும் மற்றது பின்னுமாகச் சரியாக ஒரு சுற்றுச் சுற்றும்போது ரோபோ கால் வட்டம் திரும்பும். வழுக்கலினால் ஏற்படும் சிறு பிழையை மேலே கூறியவாறு அளந்து திருத்திக்கொள்ளலாம்.

கை அமைப்பதில்தான் பலர் இடறுகின்றனர். 40 சென்டிமீட்டர் நீளமுள்ள கையின் நுனியில், இடுக்கியும் கட்டையுமாக அரைக் கிலோகிராம் இருப்பதாகக் கொள்வோம். கை கிடைமட்டமாக நீளும்போது அதனைத் தாங்க ஏறத்தாழ 2 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை வேண்டும். கையின் சொந்த எடை 400 கிராமானால் மேலும் 0.8 வேண்டும். முன் கூறிய மோட்டார் நின்றுபோகும் நிலையில் தருவதே 0.105 நியூட்டன் மீட்டர்தான். 27 மடங்கு குறைத்தால் கணக்குப்படி கை நிற்கும். ஆனால் அந்நிலையில் மோட்டார் அசையாமலே மின்னோட்டத்தைக் குடித்துச் சூடேறிக் கருகும். அதன் வலிமையில் நான்கில் ஒரு பங்கையே வேலை வாங்குவதெனில் குறைப்பு 100 மடங்குக்கு மேல் இருத்தல் வேண்டும். வேகம் போய்விடுமே என்று அஞ்ச வேண்டா. 100 மடங்கிலும் அச்சு நிமிடத்துக்கு 60 சுற்று சுழலும், கைக்கு வேண்டியதோ கால் சுற்றுக்குச் சற்று மிகுதி.

மின்கலத்தை மீண்டும் நினைவூட்டுகிறேன். மோட்டார் ஒன்று தடைபட்டு நிற்கையில் 8.5 ஆம்பியர் வரை இழுக்கும். நான்கு மோட்டார்கள் ஒருங்கே சுவரில் முட்டி நின்றால் 34 ஆம்பியர். காப்பு உருகியோ 20 ஆம்பியருக்கு உரியது. உருகி தாங்கினாலும், மின்னழுத்தம் சரிந்து கட்டுப்பாட்டுப் பெட்டி ஒரு கணம் அணைந்தால், அது மீண்டும் விழித்தெழுவதற்குள் ஆட்டத்தின் நல்ல பகுதி கழிந்துவிடும். களத்தின் நுரை விரிப்பில் ஓடும் ரோபோவில் நிலை மின்சாரம் சேர்ந்து பாய்வதாலும் இத்தகைய தடங்கல் நேர்வதுண்டு. இவ்விரண்டையும் அறியாதவர்கள் நிரலைக் குறைகூறி இரவெல்லாம் அதனைத் திருத்திக்கொண்டிருப்பார்கள்.

ஆட்டத்துக்குப் புறப்படுமுன் மின்கலத்தை வோல்ட்மீட்டரால் அளந்து அதன்மேல் எழுதி ஒட்டுக. கம்பிகள் அச்சில் சுற்றிக்கொள்ளாதவாறு சட்டத்தோடு கட்டுக. பிறகு ரோபோவை ஒரு முழம் உயர்த்தி மெல்லக் குலுக்கிப் பார்க்கவேண்டும். கலகலவென்று ஒலி கேட்டால் எங்கோ ஒரு திருகாணி தளர்ந்திருக்கிறது.